கூலி மிச்சம், கணக்கு உதைக்கிறது

சுவரில் ஒரு படம் மாட்ட ஆகும் செலவு 4,430 ரூபாய். நங்கநல்லூரில் ஓர் அடுக்ககத்தின் முதல் மாடியில், வங்கியிலிருந்து ஓய்வு பெற்று வாழும் ஒருவரின் கணக்கு நோட்டில் இது பைசா சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. டிரில்லிங் மெஷின் 2,900. பிட் செட் 350. தூசி விழாமல் கண்ணுக்கு ஒரு கண்ணாடி 150. மெஷினின் ஒயர் பிளக் பாயிண்ட் வரை எட்டாததால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 650. ராவல் பிளக்கும் திருகாணியும் 60. முதலில் போட்ட துளை அரையடி தள்ளிப் போயிருக்க வேண்டும் என்று வீட்டார் கருதியதால், அதை அடைத்துப் பூச அதே நிறத்தில் ஒரு லிட்டர் பெயிண்ட் 320.

இத்தனை செலவில் சுவரேறியது, பேரன் மாறுவேடப் போட்டியில் பாரதியாராக முறைத்துக்கொண்டு நிற்கும் புகைப்படம். தெருமுனை எலக்ட்ரீஷியன் இதே வேலைக்கு 150 ரூபாய் கேட்டிருந்தார். “ஒரு ஓட்டைக்கு நூத்தம்பதா?” என்று வெகுண்டுதான் அவர் ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மேனேஜர் சார். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்திய அவர் மனைவி, டீச்சர். டிரில்லிங் மெஷினைச் செலவுக் கணக்கில் எழுதக் கூடாது, அது சொத்து, பத்து ஆண்டுக்குத் தேய்மானம் போட வேண்டும் என்பது மேனேஜரின் வாதம். “சரிங்க, அந்தப் பத்து வருஷத்துல இன்னும் எத்தனை ஓட்டை போடப் போறீங்க?” என்பது டீச்சரின் கேள்வி. சுவர்களுக்கும் அதே கவலை இருந்திருக்கும்.

இந்தத் தகராறுக்கு அடியில் கொஞ்சம் பொருளாதாரம் கிடக்கிறது. வீட்டு வேலையைத் தானே செய்துகொள்ளும் பழக்கம் ஒரு பெருவணிகமாக வளர்ந்தது, ஆள் கூலி அதிகமான நாடுகளில். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், கைத்துப்பாக்கிப் பிடியும் விரல் விசையும் வைத்த மின்சார டிரில்லுக்கு 1917-இல் காப்புரிமை பெற்றது. அன்றைக்கு அது தொழிற்சாலைச் சாமான். இரண்டாம் உலகப் போரின்போது ஆலைத் தொழிலாளர்கள் அதைச் சத்தமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்பதைக் கவனித்த பிறகுதான், போர் முடிந்த கையோடு வீட்டு உபயோகத்துக்கென்று மலிவான டிரில்லை அந்த நிறுவனம் கொண்டுவந்தது என்பார்கள். திருட்டைப் பிடிக்கப் போய் வாடிக்கையாளரைப் பிடித்த கதை. பிரிட்டனில் பி அண்ட் க்யூ கடை 1969-இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஹோம் டிப்போ 1978-இல்.

இந்தக் கடைகள் வருவதற்கு முன்பே பிபிசி தொலைக்காட்சியில் பேரி பக்னல் என்பவர் சுத்தியலும் ரம்பமுமாக வந்து ஆங்கிலேயக் குடும்பத் தலைவர்களைக் கெடுத்துவைத்திருந்தார். 1962-இல் லண்டனின் ஈலிங் பகுதியில் ஒரு பாழடைந்த வீட்டை வாரா வாரம் செப்பனிட்டுக் காட்டினார். சித்திர வேலைப்பாடுள்ள பழைய கதவுகளின்மேல் தட்டையான ஹார்டுபோர்டு பலகையை அறைந்து ‘நவீனம்’ ஆக்குவது அவருடைய புகழ்பெற்ற கைங்கரியம். ஒரு தலைமுறை ஆசையோடு அந்தப் பலகைகளை அறைந்தது. அடுத்த தலைமுறை, அதுவும் தன் கையாலேயே, அவற்றைப் பெயர்த்துப் போட்டது. இரண்டு தலைமுறைக்கும் ஆணியும் சுத்தியலும் விற்றவர்கள் மட்டும் நன்றாக இருந்தார்கள்.

அங்கே ஒரு பிளம்பர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் காசுக்கு ஒரு சாதாரண டிரில் வாங்கிவிடலாம். இங்கே ஒரு டிரில் வாங்கும் காசுக்கு எலக்ட்ரீஷியனை ஏறக்குறைய இருபது தடவை வீட்டுக்கு வரவழைக்கலாம்.

அவர் வருவதாக இருந்தால்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கூலியை மிச்சம் பிடிக்க இறங்குகிறோம் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்களே தவிர, உண்மையில் அவர்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது காத்திருப்பை. “வந்துட்டே இருக்கேன் சார், கத்திப்பாரா தாண்டிட்டேன்” என்று காலையில் சொன்ன குரல், மாலையில் “சார், ஒரு டெத்து” என்று சொல்லும். இரண்டு மணி நேர வேலைக்கு இரண்டு நாள் வீட்டைவிட்டு நகர முடியாது. குளிக்கப் போனால் அப்போது பார்த்து வந்துவிடுவாரோ என்ற பயம். இப்படி ஒரு வாரம் கழிந்தபின் யாராக இருந்தாலும் யூடியூபைத் திறக்கத்தான் செய்வார்கள். அதில் எட்டு நிமிடத்தில் ஒருவர் குழாயைக் கழற்றி மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார். அவர் வீட்டுத் திருகாணிகள் மட்டும் துருப்பிடிப்பதே இல்லை.

முதல் பாடம் சுவரிடமிருந்து வரும். வெளியே பார்க்க எல்லாச் சுவரும் ஒன்றுதான். உள்ளே சாதி வேறு. மேல் பூச்சு ஏறக்குறைய அரை அங்குலம். ராவல் பிளக் அந்தப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுசாக உட்கார்ந்தால்தான் பாரம் தாங்கும். பூச்சோடு நின்றுவிட்டால் படம் பத்து நாள் தொங்கிவிட்டு ஒரு நடுராத்திரியில் வீட்டையே எழுப்பும். பழைய செங்கல் சுவராக இருந்தால் பிட் இறங்க இறங்கச் சிவப்புத் தூள் கொட்டும், நல்ல சகுனம். சாம்பல் தூள் கொட்டி, மெஷின் அலறி, பிட் முனை சிவந்தால் அது கான்கிரீட் தூண் அல்லது பீம். சாதாரண டிரில்லை அங்கே அழுத்துவது தோள்பட்டைக்குக் கேடு. புதிய அடுக்ககங்களில் இப்போது எடை குறைந்த ஏ.ஏ.சி. கற்கள் வந்துவிட்டன. அதில் பிட் அழுத்தாமலே உள்ளே போகும். சாதாரண பிளக்கில் மாட்டிய திருகாணி அதே சுலபத்தில் வெளியேயும் வரும். அதற்கென்று தனி பிளக் உண்டு.

ஒயர் எங்கே ஓடுகிறது என்பது இன்னும் முக்கியம். சுவருக்குள் பதித்த பைப், சுவிட்ச் பெட்டியிலிருந்து பெரும்பாலும் நேர் மேலே போகும், சில நேரம் நேர் பக்கவாட்டில் போகும். ஆகவே சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கத்திலும் துளை போடாதே என்பது எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் பால பாடம். இது தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளும் விதம் கொஞ்சம் வெளிச்சமாகவே இருக்கும்.

அந்த ராவல் பிளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மின் வேலை எடுத்த ஜான் ஜோசப் ராலிங்ஸ், சுவருக்குச் சேதம் தெரியாமல் பொருத்திக் கொடுக்க வேண்டியிருந்ததால் 1911 வாக்கில் உருவாக்கியது அது. சணல் நாரை விலங்கு ரத்தம் கொண்டு இறுக்கிய சிறு குழல். அதற்கு முன்பெல்லாம் சுவரை உளியால் குடைந்து மரக்கட்டை அறைந்து அதில்தான் ஆணி. இப்போது நாம் பயன்படுத்தும் விரியும் நைலான் பிளக், ஜெர்மானியர் ஆர்ட்டூர் ஃபிஷர் 1958-இல் செய்தது. ஆறு மில்லிமீட்டர் பிளக்குக்கு ஆறு மில்லிமீட்டர் பிட். எட்டில் போட்டுவிட்டு, ஆடும் பிளக்குக்குத் தீக்குச்சி சொருகிச் சமாளிக்கும் தொழில்நுட்பம் மட்டும் நம் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை.

துளைக்கு அடுத்தபடியாக மனிதனை மயக்குவது பெயிண்ட். போகிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது பரம்பரை வழக்கம். சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் நீலம் சேர்த்து, மட்டையால் விசிறினால் முடிந்தது. கை கூசாத யாரும் செய்யலாம். எமல்ஷன் வந்தபின் அந்த ஜனநாயகம் போய்விட்டது. ஆனால் தைரியம் போகவில்லை.

மேனேஜரின் படுக்கையறை 12-க்கு 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 400 சொச்சம். இரண்டு கோட்டிங் என்றால் 800. லிட்டருக்கு ஒரு கோட்டிங்காக 110 சதுர அடி ஓடும் என்று வைத்தாலும் ஏழு லிட்டருக்குமேல் வேண்டும். டப்பா வருவதோ 1, 4, 10, 20 லிட்டரில். ஒரு நாலும் நான்கு ஒன்றுமாக வாங்கினால் பத்து லிட்டரின் விலையை நெருங்கிவிடுகிறது. ஆகவே பத்து, மிச்சம் இரண்டரை லிட்டர் பரணில் மேலே ஆடை கட்டி உறங்கப் போகிறது. தமிழ்க் குடும்பங்கள் பெரிய வாளியாகப் பார்த்து வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெயிண்ட் தீர்ந்த 20 லிட்டர் வாளி, தண்ணீர்க் கஷ்டம் கண்ட சென்னைக் குளியலறைகளில் பெயிண்டைவிட நெடுங்காலம் உழைக்கும்.

நோட்டில் கணக்கு இப்படிப் போகிறது: எமல்ஷன் 3,000, பிரைமர் 700, பட்டி 20 கிலோ 650, ரோலர், பிரஷ், உப்புத்தாள், தட்டு, டேப் எல்லாம் சேர்த்து 1,100, அலுமினிய மடக்கு ஏணி 3,600. ஆக மொத்தம் 9,050. ஆள் வைத்திருந்தால் ஏணியும் ரோலரும் அவர்கள் கொண்டுவந்திருப்பார்கள். பொருள் 4,350, இரண்டு பெயிண்டருக்கு மூன்று நாள் கூலி, நாளொன்றுக்கு 1,100 வீதம் 6,600. மொத்தம் 10,950. மிச்சம் 1,900 ரூபாய்! மேனேஜர் இதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறார். மூன்று நாள் வேலையை அவர் தீபாவளிக்குத் தொடங்கிப் பொங்கலுக்கு முடித்ததையும், இடைப்பட்ட காலத்தில் இருவரும் கூடத்தில் படுத்ததையும், இடுப்பு வலிக்குப் பூசிய தைலங்களையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வங்கியில் சொல்லித்தரவில்லை.

நாள் இழுத்தது பெயிண்ட் அடித்ததால் அல்ல. ரோலரை ஓட்டுவது எளிதான, சுகமான வேலை. விளம்பரங்களில் புது மணத் தம்பதி சிரித்துக்கொண்டே செய்வது அதை மட்டும்தான். அதற்கு முன்னால் பழைய பூச்சைச் சுரண்ட வேண்டும், விரிசலை அடைக்க வேண்டும், பட்டி பார்க்க வேண்டும், அது காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், கிளம்பும் வெள்ளை மாவைப் பீரோவின் உள்மடிப்பு வரை துடைக்க வேண்டும், பிரைமர் அடிக்க வேண்டும். கரைத்த பட்டி சில மணி நேரத்தில் இறுகிவிடும். போன் வந்தது என்று பேசப் போனால் வாளியோடு சிலையாகிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் ஏறும் சுவரில் எத்தனை விலை உயர்ந்த பெயிண்டை அடித்தாலும் உப்பு பூத்து உதிர்த்துவிடும். கசிவை நிறுத்தாமல் நிறம் பூசுவது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் போட்டுக் கல்யாணத்துக்கு அனுப்புவது.

நிறத் தேர்வு தனிக் கூத்து. அட்டையில் ஒரு சதுர அங்குலத்தில் சந்தனமாகத் தெரிவது, நான்கு சுவரிலும் ஏறியதும் மாம்பழ ஜூஸ் ஆகும். பரப்பு கூடக் கூட நிறம் அடர்த்தியாகத்தான் கண்ணுக்குப் படும். கடையில் மெஷின் கலந்து தரும் ஷேடு, இன்னொரு நாள் வாங்கும் டப்பாவில் ஒரு நூல் மாறியிருக்கக் கூடும். அதனால்தான் கைதேர்ந்த பெயிண்டர்கள் எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துகொண்டு தொடங்குவார்கள். வீடியோக்களில் இது வருவதில்லை. வந்தால் சுவாரசியம் குறைந்துவிடும்.

குழாய் வேலைக்கு வருவோம். இங்கே கடைக்காரரே தேர்வு நடத்துவார். “அரை இஞ்சா, முக்கால் இஞ்சா சார்? உள் மரையா, வெளி மரையா? பித்தளையா, சி.பி.வி.சி.யா?” மேனேஜர் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். கடைக்காரர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “படத்துல இது ஆறு இஞ்ச் இருக்கு” என்றார். டீச்சர் அனுபவ ஞானி. எதைப் படம் எடுத்தாலும் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுப்பார். அதைவிட நல்லது பழைய சாமானையே பையில் போட்டுக் கொண்டுபோவது. ஆனால் பழைய சாமானைக் கழற்றிவிட்டால் கடை போய்வரும் வரை வீட்டில் தண்ணீர் கிடையாது. இதைப் பாதி வழியில் உணர்பவர்களே அதிகம்.

அதற்கும் முன்னால் ஒரு கண்டம் உண்டு: வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வு. கட்டிய நாள்முதல் யாரும் தொடாத வால்வு அது. திருப்பினால் திரும்பாது, பலத்தைக் காட்டினால் கைப்பிடி கையோடு வரும். பிறகு மொட்டை மாடித் தொட்டியிலேயே அடைக்க வேண்டும். எட்டு வீட்டுக்கும் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் நிற்கும். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் “யார் வால்வை மூடியது?” என்ற கேள்வி எட்டு விதமான மரியாதையில் வரும். வருடத்துக்கு இரண்டு தடவை வால்வைச் சும்மாவாவது மூடித் திறந்து வையுங்கள் என்று பிளம்பர்கள் சொல்வது இதற்காகத்தான்.

டெஃப்லான் டேப்பை மரையில் எந்தப் பக்கம் சுற்றுவது என்பதில் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. இறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் குழாயைத் திருகத் திருக டேப் பிரிந்து வந்துவிடும். சி.பி.வி.சி. பைப்புக்குப் பூசும் சால்வென்ட் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். எல்போ கோணலாக உட்கார்ந்தால் கோணல்தான். அறுத்தெடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். ஆகவே விவரமானவர்கள் ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் வெறுமே செருகிப் பார்த்துப் பேனாவால் கோடு போட்டுக்கொள்வார்கள். மேனேஜருக்கு விவரம் உண்டு. பேனாதான் வங்கிப் பேனா, ஈரத்தில் அழிந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் டீச்சர் செய்த வேலைகள் நோட்டில் ஏறவே இல்லை, ஏறும் அளவுக்குச் செலவு ஆகவில்லை என்பதால். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒரு சொட்டு, மருத்துவமனை டிரிப் கணக்கில் இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர், ஆக ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் என்று கணக்குப் போட்டார். பத்து ரூபாய்க்குள் ஒரு வாஷர் வாங்கி மாற்றினார். கூடத்து ஃபேன் ஐந்தாம் நம்பரில் வைத்தாலும் சோம்பலாகச் சுற்றியது. மேனேஜர் புது ஃபேனுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது, கண்டன்சர் என்று கடைகளில் சொல்லும் கெப்பாசிட்டர் நாள்பட நாள்பட வலு இழக்கும், ஃபேனின் வேகம் அதில்தான் இருக்கிறது என்று வகுப்பெடுத்தார். மெயினை அணைத்து, மேலே எழுதியிருந்த 2.5 மைக்ரோஃபாரட் என்ற அளவைப் பார்த்து, அதே அளவில் ஒன்றை நூறு ரூபாய்க்குள் வாங்கிவரச் சொன்னார். ஃபேன் இப்போது காலண்டரைக் கிழிக்கிறது.

தோற்றுவிட மனமில்லாத மேனேஜர், வீடு முழுக்க பி.எல்.டி.சி. ஃபேன் மாற்றினால் கரண்ட் பில் பாதியாகும் என்று அடுத்த திட்டத்தை வைத்தார். டீச்சர் அதையும் தாளில் போட்டார். பழைய ஃபேன் 75 வாட், புதியது 30, மிச்சம் 45. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட் சொச்சம். இரண்டு மாத பில்லில் 32 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தால் 190 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன் தன் காசை மீட்க இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். கூடத்துக்கு வாங்கலாம். மச்சான் வரும்போது மட்டும் சுற்றும் விருந்தினர் அறைக்கு வாங்கினால், மச்சான் இங்கேயே குடிவந்தால்தான் கட்டுப்படியாகும். திட்டம் அன்றிரவே கைவிடப்பட்டது.

மின்சார வேலையில் எதுவரை கை வைக்கலாம் என்பதற்குச் சட்டமே ஒரு கோடு போட்டிருக்கிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனங்கள் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றிக்கொள்வதற்கு மட்டும் விலக்கு. புதிதாக ஒரு பாயிண்ட் இழுப்பது, ஒயரிங்கை மாற்றுவது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வேலை என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. உரிமம் தருவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வாரியமே இருக்கிறது. இந்த ஒரு கோட்டைத் தாண்டினால் நகைச்சுவைக் கட்டுரைக்கு விஷயம் கிடைக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. மெயின் பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் டிரில்லிங் மெஷின் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு. அழகாகத் தெரியாத, விருந்தாளிகளிடம் காட்ட முடியாத சாமான் என்பதால் கடைசிவரை தள்ளிப் போவதும் அதுதான்.

கைக்கணக்கு இப்படி உதைத்தும் மனிதர்கள் ஏன் விடுவதில்லை? மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். சாதாரண ஆட்களைக் காகிதத் தவளையும் கொக்கும் மடிக்கச் சொன்னார்கள். மடித்தவர்கள், தங்கள் கசங்கல் தவளைக்குக் கைதேர்ந்தவர் செய்ததற்கு ஈடாக விலை வைத்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது குப்பையாகத் தெரிந்தது. வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் மரச்சாமான் விற்கும் ஐக்கியா கம்பெனியின் பெயராலேயே இந்த விளைவை அழைத்தார்கள். மேனேஜர் பூட்டிய புத்தக அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதை உறவினர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவர் கண்ணுக்கு மட்டும் தரைதான் வாட்டம் சரியில்லை. கொத்தனார்கள் ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி அறையின் இரு முனைக்கும் ஒரே மட்டம் குறிப்பார்கள்; சில ரூபாய்க் குழாய், பிசகே கிடையாது. மேனேஜர் அதற்குப் பதில் லேசர் மட்டம் வாங்கினார். சிவப்புக் கோடு சுவரில் அழகாக விழுந்தது. அலமாரி அதைச் சட்டை செய்யவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வேலையை முடித்தால்தான் அந்தப் பாசம் வருமாம். பாதியில் விட்டால் வராது. தமிழ்நாட்டு வீடுகளில் பாதி பெயிண்ட் அடித்த கிரில்லும், ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் ஒட்டிய கொசுவலையும் அனாதையாக நிற்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

மொட்டை மாடி ஒழுகலை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சைச் சித்திரை, வைகாசியில் துடைப்பத்தால் பெருக்கிச் சுத்தம் செய்து தாராளமாக நாமே அடிக்கலாம். ஒழுகலைத் தேடுவது வேறு வேலை. தண்ணீர் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இறங்கி, தட்டோட்டின் அடியிலேயே நடந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே சிமெண்டைப் பூசிவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பவர்கள் பக்கெட்டையும் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் மேனேஜர் வீட்டு வேலைப் பகுதியின் இரும்பு ஷெல்ஃப் நிறைந்துவிட்டது. ஸ்பேனர் ஆறிலிருந்து இருபத்திரண்டு வரை, மூன்று வகைக் கட்டிங் பிளேயர், ரசமட்டம், தூக்குக் குண்டு, அளவு வாரியாக பைப் ரெஞ்ச். ஒவ்வொன்றும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, மேலே பேர் எழுதி. வங்கி லாக்கர் அறையில்கூட இத்தனை ஒழுங்கு இருந்திருக்காது. உபயோகம்தான் கொஞ்சம் குறைவு.

ஒரு நாள் சிங்க் அடியில் ஆங்கிள் வால்வு நிற்காமல் கசிந்தது. மேனேஜர் டேப் சுற்றினார், அதன்மேல் எம்-சீல் உருட்டி அப்பினார், அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினார், அதன்மேல் கம்பி முறுக்கினார். கசிவு பக்கத்து ஜாயிண்டுக்கு இடம் மாறியது. டீச்சர் அவருக்குத் தெரியாமல் பிளம்பருக்குப் போன் போட்டார். அதிசயமாக, பிளம்பர் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். கால்சட்டைப் பின்பையில் ஒரு பழைய பிளேயர், வேறொன்றும் இல்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாத் தொழிலாளர்களும் முந்தைய தொழிலாளியைப் பற்றிக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“எவன் சார் இந்த வேலையப் பார்த்தது?”

“முன்னாடி குடியிருந்தவங்க” என்றார் மேனேஜர். கட்டிய பில்டரிடமிருந்து நேராக வாங்கிக் குடிவந்தவர் அவர்.

“அந்த ஆளு இன்னும் காலி பண்ணலை தம்பி. நீங்க காபி சாப்பிட்டுட்டு வேலையப் பாருங்க” என்று டீச்சர் டம்ளரை நீட்டினார்.

பிளம்பர் காபியைக் குடித்தார், கம்பியை வெட்டினார், டியூபை உரித்தார், எம்-சீலைத் தட்டிப் பார்த்தார். பிளேயரால் ஒரு திருகு திருகினார். அசையவில்லை. வாசல் பக்கம் பார்த்தார், தன் வண்டியைப் பார்த்தார், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தார்.

“சார், வீட்டுல பைப் ரெஞ்ச் மாதிரி ஏதாச்சும் இருக்குமா?”

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“பத்து இஞ்சா தம்பி, பன்னெண்டா, பதினாலா?”